குழந்தையின் முகமும் நம் தருமமும்



தருமம் செய்வது நன்றா என்று ஐயுறுவோர் நம்மில் எவரும் இலர். மதறஸாவில் அலிஃப், பே படிக்கும் நாளிலேயே அந்தப் பாடம் நமக்கு ஊட்டப்பட்டு விடுகிறது. ஆனால் பிறருக்காகத் தருமம் திரட்டும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. அக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கத் துணிகிறேன். நான் ஆலிமும் அல்லேன், பட்டதாரியும் அல்லேன். மதறஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்று, மளிகைக் கடையில் அமர்ந்தவன். ஆயினும் கல்லாவில் இருப்பவனுக்குப் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பது ஓரளவு தெரியும். அந்த அளவில் நின்றே எழுதுகிறேன்.

இன்றைய வழக்கத்தைப் பாருங்கள். ஒரு வீட்டில் மூளை முடக்குவாதத்தோடு ஒரு குழந்தை பிறக்கிறது. அல்லது மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். தகப்பனாருடைய சம்பளம் போதவில்லை. நல்லெண்ணம் கொண்ட நண்பர் ஒருவர் முன்வந்து, குழந்தையைப் படம் பிடித்து, தாயாரை நாலு வார்த்தை பேசச் சொல்லி, வேண்டிய தொகையையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்துக் கைப்பேசியில் அனுப்பி விடுகிறார். பொழுது விடிவதற்குள் அப்படம் ஆயிரம் பேர் கைக்குப் போய்விடுகிறது. பணமும் வருகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இதில் குற்றம் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்தவர் மீது குற்றமில்லை. கேட்ட பெற்றோர் மீதும் குற்றமில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டதே, அதைக் கொடுத்தது யார்? அந்தக் குழந்தை. தன் முகத்தையும், தன் நோயையும், தன் வீட்டின் கஷ்டத்தையும் ஊரார் பார்வைக்கு வைத்தது அக்குழந்தையே. அதனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லும் வயது அதற்கில்லை. இப்படி ஒரு விலையை அக்குழந்தையிடம் வாங்க நமக்கு உரிமை உண்டா என்பதே என் கேள்வி.

தேவை எத்தகையது?

பதில் சொல்லுமுன், தேவை இன்னதென்று அறிந்துகொள்வோம். இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால், அது பெரும்பாலும் ஒரே செலவு. பணம் சேர்ந்தது, சிகிச்சை நடந்தது, குழந்தை தேறியது என்று சொல்லி முடித்துவிடலாம். சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் நிலை அப்படியன்று. ஆட்டிசமோ, அறிவுத்திறன் குறைபாடோ, மூளை முடக்குவாதமோ ஒரு மருந்தால் தீர்ந்துபோவதில்லை. பயிற்சியும் பராமரிப்பும் இருந்தால் பிள்ளை முன்னேறும். ஆனால் அந்தப் பராமரிப்பு ஆயுள் முழுதும் வேண்டும். கடைக்காரர் பாஷையில் சொன்னால், கடைக்கு அலமாரி அடிப்பது ஒருமுறைச் செலவு. வாடகையோ மாதாமாதம் வரும். இது வாடகை போன்றது.

நம் சிங்கப்பூரில் அரசாங்கமும் தொண்டு நிலையங்களும் செய்து வருவது கொஞ்சமன்று. அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கென்றே மைண்ட்ஸ் என்னும் சங்கம் 1962ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தபோது, சிறப்புத் தேவை மிகுந்த பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. 2019 முதல் அவர்களும் அச்சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். பள்ளி வயதுக்கு முன்னரே பேச்சுப் பயிற்சியும் கைகால் பயிற்சியும் தருகின்ற நிலையங்கள் உள்ளன; குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் கழிவும் உண்டு. ஆதலால் நாம் திரட்டுகிற பணம் இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கல்வியே இல்லை என்ற நிலை இங்கு இல்லை. இதை அறியாமல் வசூலில் இறங்குபவர் முதலில் இவற்றை விசாரிக்க வேண்டும்.

அப்படியானால் குறைவது எது? தாயார் வேலையை விட்டுவிடுகிறார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோகிறது. எல்லாவற்றிலும் பெரிய செலவு இதுதான். இதற்கு ரசீதே கிடையாது. பேருந்தில் ஏற அஞ்சும் பிள்ளைக்கு டாக்சி வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அணையாடை வாங்க வேண்டும். உடல் வளர வளரச் சக்கர நாற்காலியை மாற்ற வேண்டும். நிலையத்தில் இடம் கிடைக்கும் வரை தனியாரிடம் பயிற்சிக்குப் போனால் அதற்கும் பணம் வேண்டும். பெரும்பாலோருக்கு 18 வயதில் சிறப்புப் பள்ளி முடிந்துவிடுகிறது. பிறகு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலோ, குறையுடையோருக்கென அமைந்த தொழிற்கூடத்திலோ இடம் தேட வேண்டும். பிள்ளை இளைஞனாகும் வேளையில் பெற்றோர் முதியவராகிறார்கள். நமக்குப் பின் இவனுக்கு யார் என்ற கவலை அவர்களைத் தூங்க விடுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு 20,000 வெள்ளி வசூலாயிற்று என்று வைத்துக்கொள்வோம். துண்டு விழுவது மாதம் 800 வெள்ளியானால், அப்பணம் 25 மாதம் வரும். ஏழு வயதைத் தாண்டியவுடன் தீர்ந்துபோகும். மறுபடியும் படம் பிடித்து அனுப்புவதா? அதே முகத்தை இரண்டாம் முறை காட்டினால் நெஞ்சு அவ்வளவு இளகாது. அன்றுதானே கொடுத்தோம், அதற்குள் என்ன ஆயிற்று என்ற பேச்சுத்தான் வரும். ஆக, குழந்தை கொடுத்த விலை பெரிது. அதற்கு வந்த சரக்கோ இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான் காணும்.

இரக்கம் தேடும் முகங்கள்

கடை மேசையில் உண்டியல் வைத்திருக்கும் எவருக்கும் ஒன்று தெரியும். படம் ஒட்டிய உண்டியலில் காசு அதிகம் விழும். வெறும் உண்டியலில் குறைவாக விழும். அப்படத்திலும், கைக்குழந்தையின் சிரித்த முகம் இருந்தால் இன்னும் அதிகம். இது மனித இயல்பு. இரக்கம் அல்லாஹ் நமக்கு அளித்த நிஃமத். ஆனால் இரக்கத்துக்கு நிறுவைத் தராசு கிடையாது. கண்ணுக்கு இனியதையும், விரைவில் தீரக்கூடியதையும் அது முதலில் தேடிப் போகிறது. சுவரில் தலையை முட்டிக்கொள்ளும் பத்தொன்பது வயது இளைஞனின் படத்தை எவரும் பரப்புவதில்லை. அவன் தாயாருக்குத்தான் உதவி அதிகம் தேவையாயிருக்கலாம்.

2021ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தசை நலிவு நோயோடு பிறந்த ஒரு குழந்தையின் மருந்துக்காக 28 இலட்சம் வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. எல்லா இனத்தாரும் அள்ளிக் கொடுத்தனர். அது இந்நாட்டு மக்களின் பெருமை. அதைக் குறைத்துப் பேச என் நா எழாது. அத்தகைய தொகை வேண்டும்போது ஒரு தகப்பனார் வேறென்ன செய்வார்? ஆயினும் ஒரு முகம் திறந்த கதவு அடுத்த முகத்துக்கும் திறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அதற்கு முன்பே, 2019இல், அரிய நோய் நிதி என்று ஒரு பொது நிதி இங்கு அமைக்கப்பட்டது. அதற்குப் பொதுமக்கள் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. அதில் கொடுப்பவர் எந்தக் குழந்தையின் படத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அழகிய முகமுடைய குழந்தைக்கும் மற்றக் குழந்தைக்கும் அங்கு ஒரே அளவுகோல்தான்.

முகம் காட்டாமல் பணம் வருமா?

இதற்கு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்புமாகும். ஊரில் ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிட்டார்கள், முகத்தையும் மருத்துவச் சீட்டையும் காட்டாவிட்டால் எவர் நம்புவார், நெஞ்சைத் தொடாமல் எவர் பையைத் திறப்பார் என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. கொடுப்பவருக்கு நம்பிக்கை வேண்டும். ஆனால் அந்த நம்பிக்கையை ஐந்து வயதுக் குழந்தையா தூக்கிச் சுமக்க வேண்டும்? நம்பிக்கையைச் சுமக்கத்தானே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம்! இருவர் அந்த வீட்டுக்குப் போய், சீட்டுகளைப் பார்த்து, நிலையத்தில் விசாரித்து வந்து, ஆம், தேவை உண்மை என்று பொறுப்புடன் கையெழுத்திடட்டும். கொடுப்பவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கொடுக்கட்டும். பொய்யானால் அவர்களைக் கேட்கட்டும்.

நெஞ்சைத் தொடாமல் பணம் வராது என்பதற்கும் நம் கைவசமே பதில் இருக்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பள்ளிவாசல்களிலும் முஸ்லிம் சங்கங்களிலும் மரண சகாய நிதி நெடுங்காலமாக நடந்து வருகிறது. மலாய்ச் சகோதரர்கள் அதைக் கைராத் கமாத்தியான் என்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் சிறு சந்தா கட்டுகிறது. ஒரு வீட்டில் மௌத் நேர்ந்தால் கஃபன் துணிக்கும் அடக்கச் செலவுக்கும் பணம் தானாக அந்த வீட்டு வாசலுக்கு வருகிறது. விதவையை அழச் சொல்லி எவரும் படம் பிடிப்பதில்லை. மய்யித்தின் முகத்தைக் காட்டி எவரும் வசூலிப்பதில்லை. பணக்காரர் வீட்டுக்கும் வருகிறது. ஏழை வீட்டுக்கும் வருகிறது. ஆகவே வாங்குவதில் எவருக்கும் தலைகுனிவு இல்லை. இறந்தவருக்கு நாம் காட்டும் இந்த மரியாதையை, உயிரோடிருக்கும் குழந்தைக்குக் காட்ட ஏன் நமக்குத் தோன்றவில்லை?

மரணம் எல்லா வீட்டுக்கும் வரும், அதனால் எல்லோரும் கட்டுகிறோம், குறையுள்ள பிள்ளை எல்லா வீட்டிலும் பிறப்பதில்லையே என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் எந்த வீட்டில் பிறக்கும் என்று எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. பிறவியில் இல்லாத குறை ஒரு காய்ச்சலிலோ விபத்திலோ வந்துவிடக் கூடும். அப்படி வராதவர் தம் பங்கைப் பிறர் பிள்ளைக்குக் கொடுத்தவராவார். அதில் நஷ்டம் என்று எழுத எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

மார்க்கம் காட்டும் வழி

திருமறையின் ஸூரத்துல் பகராவில், தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் மேல் என்ற கருத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. பிறரிடம் வற்புறுத்திக் கேட்காதவரை, அவருடைய நாணத்தைக் கண்டு அறியாதவர் செல்வர் என்றே எண்ணிவிடுவார் என்றும் அதே ஸூராவில் வருகிறது. கேட்காமல் வீட்டுக்குள் இருப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை கொடுப்பவருடையது என்பது இதனால் விளங்குகிறது. வேறோரிடத்தில், முஃமின்களின் செல்வத்தில் கேட்பவருக்கும் கேட்காத வறியவருக்கும் அறியப்பட்ட ஓர் உரிமை உண்டென்று கூறப்படுகிறது. உரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள். கடன் கொடுத்தவன் தன் பணத்தைத் திரும்பக் கேட்க வரும்போது, முதலில் அழுது காட்டு என்று நாம் சொல்வதில்லையே!

ஸூரத்து அபஸ இறங்கிய வரலாறு எல்லோரும் அறிந்ததே. கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அது இறங்கியது. பின்னர் அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்பவராக இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் தம் பிரதிநிதியாகவும் அவர்களை நியமித்தார்கள். அவர்களுடைய கண்ணை எவரும் காட்சிப் பொருளாக்கவில்லை. அவர்களுடைய குரலுக்கும் பொறுப்புணர்ச்சிக்கும் அந்த ஊரில் இடம் இருந்தது.

இன்று படத்தில் இருக்கும் குழந்தை நாளை வளரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் படிக்கவும் எழுதவும் வேலை செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள். ஒருநாள் தன் பெயரைத் தேடி, தான் கழிப்பறைக்குப் போகத் தெரியாத பிள்ளை என்று ஊரறிய எழுதியிருப்பதை அவனே படிக்கக்கூடும். அவனால் படிக்க முடியாவிட்டாலும், அவனுடைய அக்காள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய தோழிகள் படிப்பார்கள்.

கொடுப்பவர், திரட்டுபவர் கவனிக்க

படம் பார்த்துக் கொடுப்பதில் இன்னொரு தீமையும் உண்டு. பத்து வெள்ளி கொடுத்தவர் அந்தக் குடும்பத்தில் பத்து வெள்ளிக்குப் பங்கு வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். பெருநாளன்று அந்தத் தாயார் புதுச் சேலை கட்டினால், நாம் கொடுத்த பணமோ என்று பேசுகிறார். கடைத்தெருவில் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கினால் அதற்கும் கணக்குக் கேட்கிறார். சொல்லிக் காட்டியும் புண்படுத்தியும் சதக்காவைப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம் என்று திருமறை எச்சரிக்கும் இடம் இதுவேயாகும். பொது நிதியில் சந்தா கட்டியவருக்குத் தம் வெள்ளி எந்த வீட்டுக்குப் போயிற்று என்றே தெரியாது. பேசுவதற்கும் ஒன்றுமில்லை.

திரட்டுபவர் பொறுப்பு இதனினும் பெரிது. அது அமானத். வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்ய இந்நாட்டில் உரிமம் வேண்டும். அதை முதலில் பெற வேண்டும். பணம் தனிப்பட்டவரின் கணக்கில் விழலாகாது. எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், மிஞ்சினால் என்ன செய்யப்படும் என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மிஞ்சிய பிறகு அதைச் சொல்லப் புகுந்தால் சண்டைதான் வரும். வருடம் ஒருமுறை வரவு செலவை எழுதி ஒட்ட வேண்டும். அதில் தொகைகள் இருக்கட்டும், பெயர்கள் வேண்டாம்.

பணம் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. பெற்றோரில் பலருக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்றே தெரியாது. சிறப்புத் தேவையுடையோருக்கென்று 2008இல் அமைக்கப்பட்ட ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி என்ற நிலையம் இருக்கிறது. பெற்றோர் காலத்துக்குப் பின் பிள்ளையின் செலவுக்குப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர அது வழி செய்கிறது. அதில் போடும் முதலுக்கு அரசாங்கமே உத்தரவாதம். தம் மத்திய சேமநிதிப் பணம் பிள்ளைக்கு மாதாமாதம் கிடைக்கும்படி பெற்றோர் எழுதிவைக்க 2014 முதல் ஒரு திட்டமும் உண்டு. பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் பெற்றோரானாலும் அவன் சார்பில் சட்டப்படி முடிவெடுக்க நீதிமன்றத்தின் நியமனம் வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இப்பாரங்களை நிரப்பிக் கொடுக்க நம் சங்கத்துப் படித்த வாலிபர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், பல நூறு வெள்ளி கொடுத்ததற்குச் சமானமாகும்.

முடிவாக

முகத்தைக் காட்டவே கூடாது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்தப் பொது நிதியும் தாங்காத செலவு ஒரு வீட்டுக்கு வரலாம். அப்போது பெற்றோர் யோசித்து, தாமே முடிவெடுத்து ஊரை அழைத்தால், நாம் தயங்காமல் கொடுக்க வேண்டும். அவர்களைக் குறை கூறவும் கூடாது. அப்பொழுதும் குழந்தை உடுத்தி, சிரித்து இருக்கும் படமே போதும். நோயின் விவரத்தில் வேண்டியதை மட்டும் சொன்னால் போதும். தொகை சேர்ந்தவுடன் படத்தை எடுத்துவிட வேண்டும். ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். எதையும் செய்து வைக்காத நாம், அவர்களை அதற்குத் தள்ளிவிட்டுப் பிறகு இரக்கப்படுவது நியாயமாகாது.

ஆகவே அங்கத்தினர்கள் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்கலாம். மரண சகாய நிதியைப் போலவே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று தனி நிதி ஒன்றைத் தொடங்குவோம். 200 பேர் மாதம் 5 வெள்ளி கட்டினால் மாதம் 1,000 வெள்ளி; வருடத்துக்கு 12,000 வெள்ளி. பெரிய தொகை அன்று. ஆனால் அது அடுத்த மாதமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும். ஒரு தாயார் அதை நம்பி டாக்சிக்குச் சொல்லலாம், பயிற்சிக்கு நாள் குறிக்கலாம். பணத்தை இருவர் மட்டும் அறிய, உறையில் வைத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம். தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஸலாம் கூறிவிட்டு வரலாம்.

ஆலிம்களும் அனுபவம் மிக்க பெரியவர்களும் இதில் கூட்டிக் குறைக்க வேண்டியதைச் சொல்லட்டும். ஜக்காத் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்பதை அவர்களே விளக்க வேண்டும். நான் பேசுவது சதக்காவைப் பற்றியும் சந்தாவைப் பற்றியுமே. என் கடையின் சந்தாவை முதல் மாதத்துக்குச் செயலாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். நிதி தொடங்காவிட்டால் மரண சகாய நிதியில் வரவு வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.